மெழுகில் கட்டிய ஆடை

மெழுகுக்குள்ளே பதித்து வைத்த சதைத் துணுக்கு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சீவும்போது பால்பல் மாதிரி பொசுக்கென்று கழன்று விழுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

காரைக்குடி லேப் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கும் ஜெரினாவுக்கு இந்த வாரம் இது மூன்றாவது தடவை.

"நேமத்தான்பட்டி தேனம்மை ஆச்சி மார்புக் கட்டியில எடுத்தது. மிச்சம் ஒரே துண்டு, ஓவன்ல மெழுகுக்குள்ள ஊறுது. அதுவும் போச்சுன்னா ஆச்சியை மறுபடி கத்திக்குப் படுக்க வைக்கணும்" என்றார் டாக்டர் சத்தியமூர்த்தி.

"படுக்க விடமாட்டேன் சார்."

சதையின் ஈரத்தை எடுக்கிற ஆல்கஹாலை மாற்றியாயிற்று. அதற்கப்புறம் ஊற வைக்கிற சைலீன் திரவத்தையும் மாற்றியாயிற்று. ஓவனைத் திறந்தாள். உருகிக் கிடக்க வேண்டிய மெழுகின் ஓரத்தில் பாலாடை மாதிரி கட்டியிருந்தது.

"யாரோ நடுவுல ஓவனை நிப்பாட்டுறாக சார். மெழுகு ஆறிப்போயி சதைக்குள்ள இறங்கல."

"நீ சாம்பிள் எடுக்கப் போற நேரம் கருப்பம்மாதானே இருக்கு?"

கூட்டிப் பெருக்கும் கருப்பம்மாள் வெடுக்கென்றாள்: "நான் இவ புள்ளைய ஆட்டுவனா, அந்தப் பொட்டிக்குக் காவல் இருப்பனா?"

"யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு அந்த ஆளு இங்க வேலையில இருக்கக் கூடாது சார்!" என்றாள் ஜெரினா.

மத்தியானம் வழக்கம்போல் மொபெட்டில் கிளம்பினாள். தெருமுனையில் வண்டியைப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகத் திரும்பினாள்.

ஓவன் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் வேறொரு ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

ஸ்டோர் ரூமில் பழைய டேபிள் ஃபேன். எதிரே தூளியில் ஜெரினாவின் எட்டு மாதக் குழந்தை பெல்சி, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

கருப்பம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள்.

"சித்திரை வெக்கை தாயி. புள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. இருக்கறது ஒத்த பிளக்கு. ஒன் வண்டிச் சத்தம் கேட்டதும் மாத்திருவேன். மெழுகுதானே, கொஞ்சம் ஆறுனா என்னன்னு நெனச்சேன். சொன்னா, புள்ளைய இங்குட்டுக் கொண்டாராதன்னுருவாகளே டாக்டரு!"

ஜெரினா ஓவன் பிளக்கைத் திரும்ப மாட்டினாள். கருப்பம்மாள் எக்ஸ்ரே கவரால் குழந்தைக்கு விசிற, இவள் சாயங்காலம் வரை ஓவனை விட்டு நகரவில்லை.

ஆச்சியின் துண்டு மெழுகில் இறுகப் பிடித்துக்கொண்டது. சீவச் சீவ, ரிப்பன் மாதிரி அறாமல் வந்தது.

"ஆளு அகப்பட்டுச்சா?" என்றார் டாக்டர்.

கருப்பம்மாளின் விளக்குமாறு அப்படியே நின்றது.

"அகப்பட்டுருச்சு சார். எம் புள்ளைக்குக் காத்து வேணும்னுதான் பிளக்கு மாறியிருக்கு. ஆளு நாந்தான். என்னைய அனுப்புறதுக்கு முன்னால, ஸ்டோர் ரூம்ல ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் போட்டுக் குடுத்துருங்க சார்."