படத்தில் இருந்த சன்ஷேடு

ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சாம்பலி என்றொரு புறா முட்டையிட இடம் தேடி அலைந்தது. வயிறு கனத்துவிட்டது, இனித் தாங்காது. அந்த நேரம் பார்த்து அதன் ஜோடி கழுத்தன், என்ஜினீயர் கையிலிருந்த டேப்லெட்டில் கட்டடத்தின் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்து வந்தது.

"இடம் கிடைச்சிருச்சு புள்ள! நாலாவது மாடியில ஒரு சன்ஷேடு. மழை படாது, பூனை ஏறாது."

சாம்பலி மூச்சு வாங்க மேலே பறந்து பார்த்தது. நாலாவது மாடியே இல்லை. வெறும் கம்பிகள்தான் வானத்தைப் பார்த்து நின்றன.

"எங்கேங்க?"

"இங்கதான். மொத்தக் கட்டடமும் அந்தப் படத்துல இருக்கு. சுவருக்குள்ள ஓடுற குழாய்கூடத் தெரியுது."

"அப்ப நான் எதுமேல உட்காருறது?"

கழுத்தன் குழம்பிப்போய் மறுபடி பார்க்கப் போனது. திரும்பி வந்தபோது அதன் முகம் தொங்கியிருந்தது. "குழாய் போற வழியில இடிக்குதாம். சன்ஷேடை எடுத்துட்டாங்க."

இல்லாததை எப்படி எடுப்பார்கள் என்று சாம்பலிக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. இரண்டாவது மாடியில் யாரோ விட்டுப்போன சிமெண்டுச் சட்டியில் முட்டையிட்டது.

மறுநாள் என்ஜினீயர் அதைப் பார்த்துவிட்டு டேப்லெட்டில் ஏதோ தட்டினார். "குஞ்சு பறக்குற வரைக்கும் இந்த ரூம்ல வேலை வேண்டாம்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கழுத்தன் துள்ளிக்கொண்டு வந்தது. "நம்ம கூடும் படத்துல வந்துருச்சு புள்ள! இனிமே பயமே இல்ல!"

"சன்ஷேடும் படத்துலதானேங்க இருந்துச்சு?" என்ற சாம்பலி மெல்ல எழுந்து, முட்டை இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டது.