சிலந்திக்குச் சம்மதம்

டப்பாவுக்குள் இருப்பது சிலந்தி என்று சொன்னதும் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இவ்வளவு பெருசா? சிலந்தியாடா இது, நண்டா?"

தைனானில் எங்கள் வீட்டுக்குள் முன்னோரைக் கேட்காமல் ஒரு பூனைகூட வந்ததில்லை. அவர்கள் பெயர் எழுதிய பலகைக்கு முன் ஊதுபத்தி ஏற்றி, பிறை வடிவச் சிவப்பு மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போடுவார் அப்பா. ஒன்று தட்டைப் பக்கம் கீழாகக் குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் வேண்டாம். இரண்டும் மல்லாந்தால் மேலே இருப்பவர்கள் சிரிக்கிறார்களாம். மறுபடி போட வேண்டும்.

என் அறையில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. ஈரமான தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள மரப்பட்டை, தண்ணீருக்குச் சோயா சாஸ் கிண்ணம். நாற்பது வயதில் என் அறைக்கென்று ஓர் உயிர் வரப்போகிறது. காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டை வேண்டாம் என்றால் இன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"எட்டுக் காலுக்கும் வீட்டுச் செருப்பு நான் வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றபடி அப்பா கட்டைகளை எடுத்தார்.

நான் டப்பாவோடு மண்டியிட்டேன்.

இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு.

மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

"உங்கம்மாதான். வேற யாரு இப்படிச் சிரிப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்துப்போய்ச் சிரிக்கிறாளா, பிடிக்காமல் சிரிக்கிறாளா?

கண்ணை மூடிக் கும்பிடவும் முடியவில்லை. டப்பாவின் மூடி லொடலொடவென்றிருந்தது. சிலந்தி முன்னங்கால்களைத் தூக்கி அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து அதையே காவல் காத்தேன்.

மூன்றாம் முறை கட்டைகள் உருண்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

இரண்டும் குப்புற.

ஒரு சிலந்திக்காக அழுகை வரும் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போது அப்பாவின் வீட்டுச் செருப்பு கழன்றது. அவருடைய கால் கட்டைவிரல் மெல்ல நீண்டது. ஒரு கட்டையை ஓரத்தில் அழுத்தி, சத்தமில்லாமல் மல்லாக்கப் புரட்டிவிட்டு, மறுபடி செருப்புக்குள் போய்விட்டது.

"ம், சம்மதிச்சிட்டாங்க. போடா, கொண்டுபோய்க் குடிவை."

டப்பாவைப் பெட்டிக்குள் சாய்த்து, தூரிகையால் பின்னால் லேசாகத் தொட்டேன். சிலந்தி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கி, மரப்பட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்த விரல் மண்டையை விட்டுப் போகவில்லை. அது தடுமாறவே இல்லை. எங்கே அழுத்தினால் கட்டை புரளும் என்பது அதற்கு நன்றாகப் பழகியிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் பெய்-ஜுன் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அப்பா கட்டை போட்டார். இரண்டு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டோம். மூன்று முறையும் வேண்டாம் என்றே விழுந்ததாக அப்பா சொன்னார். நம்பினோம். அவள் அழுதுகொண்டே போனாள்.

கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது.

"டேய், அது என்னடா சாப்பிடும்? நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.