சாம்பல் நிற எழுத்துகள்

வாசலில் மரியசெல்வத்தின் செருப்பு கிடந்தது. குணசேகரன் அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மரியசெல்வத்துக்குத் திருச்சி ஆபீஸில் டீம் லீடர் அவர். போன்கூடப் பண்ணாமல், ஆவூர் கோயில் தெருவுக்கு நேராகக் காரை விட்டுக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்.

"அவரு குளத்தூர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிருக்காரு சார். வர சாயங்காலம் ஆயிரும்," என்றாள் மரியசெல்வத்தின் மனைவி சுகுணா. தயாராக வைத்திருந்த பதில். தடுமாறாமல் வந்தது.

"இருக்கட்டும்மா. எல்லாருக்கும் லேப்டாப் மாத்துறோம். பழசுல இருக்கிற செட்டிங்கைப் புதுசுல ஏத்திக் குடுத்துட்டுப் போறேன். அடுத்த மாசத்துலேருந்து கேமராவுல மொகத்தைக் காட்டினாத்தான் லாகின் ஆகும்."

சுகுணா மேசை மேலிருந்த லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பயப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

ஷெல் என்ற கறுப்புத் திரை வந்தது. படமோ பட்டனோ கிடையாது. கட்டளையை எழுத்தாக அடித்தால்தான் எங்கோ இருக்கும் சர்வர்கள் வேலை செய்யும். குணசேகரன் இரண்டு எழுத்து அடித்தார். மீதி வரி சாம்பல் நிறத்தில் தானாக வந்து நின்றது.

"இந்த ஷெல்லை எங்க டீம்ல எல்லாருக்கும் போட்டுக் குடுத்தது செல்வம்தான். நாம என்ன சொல்ல வாரோம்னு இதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். நேத்து அடிச்சது, போன வருசம் அடிச்சது, ஒண்ணையும் மறக்காது. தப்பா அடிச்சா, 'இதையா சொன்னீங்க?'ன்னு கேக்கும்." சிரிக்க முயன்றார். "ஒரு நாளைக்கு நாப்பது தடவை அவனைக் கேக்கும். அவ்வளவு தப்பு விடுவான்."

புது லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டிய ஃபோல்டரின் பெயர் ரொம்ப நீளம். இரண்டு முறை பிழையாக அடித்து அழித்தார்.

"மூணு எழுத்து போதும் சார். டேப் கீயை அமுக்குங்க," என்றாள் சுகுணா.

தனக்குத் தெரிந்திருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டது பிறகுதான் உறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டேப்பை அழுத்தினார். பெயர் தானாக நிரம்பியது.

அடுத்து சுருக்கப் பெயர்களின் பட்டியலைத் திறந்தார். நீளமான கட்டளைகளுக்கு மரியசெல்வம் ஆங்கில எழுத்தில் வைத்திருந்த சின்னச் சின்னப் பெயர்கள். சர்வருக்குள் நுழைய 'வாரேன்'. எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியேற 'போறேன்'.

கடைசியாக, இதுவரை அடித்த கட்டளைகள் அத்தனையும் தேதி, நேரத்தோடு வரிசையாக ஓடின. ஆகஸ்ட் பத்தாம் தேதியோடு ஒரு இடத்தில் நின்று, முப்பதாம் தேதி மறுபடி தொடங்கின. அதற்குப் பிறகு ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. குணசேகரனின் விரல் அந்த இடைவெளியிலேயே நின்றது.

சுகுணா திரையைப் பார்த்தபடியே பேசினாள். ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதைப் போன்ற குரல்.

"அவரு எறந்துட்டாரு சார். ஆகஸ்ட் பதினொண்ணு. கீரனூர் ரோட்டுல லாரி அடிச்சிருச்சு. அந்த வாரம் பூரா எனக்கு எதுவுமே ஞாபகத்துல இல்ல. முப்பதாம் தேதி காலையில இது கெடந்து அலாரம் அடிச்சுச்சு. ஏதோ சர்வர் நின்னுபோச்சாம். சத்தத்தை நிறுத்தத்தான் தெறந்தேன். மேல் அம்புக்குறியை அமுக்கினேன். அவரு கடைசியா அடிச்சது வந்து நின்னுச்சு. என்டர் தட்டினேன். சத்தம் நின்னுருச்சு."

குணசேகரன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுநாள் வேற வேலை வந்துச்சு. நானும் பி.சி.ஏ. படிச்சவதான் சார். ரெண்டு எழுத்து அடிச்சா, அவரு அடிச்ச மிச்சம் வந்துருது. எதுக்காக அடிச்சாருன்னு புரியுற வரைக்கும் நான் என்டர் தட்ட மாட்டேன். தொண்டையில ஆபரேஷன், பேச முடியாதுன்னு ஆபீஸ் குரூப்புல மெசேஜ் போட்டேன். ஏழு மாசம் ஓடிருச்சு."

"ம்."

"அழுகையெல்லாம் வரல. சாயங்காலம் 'போறேன்'னு அடிக்கிறப்ப மட்டும் கை கொஞ்ச நேரம் நின்னுரும். நான் பண்ணுனது ஏமாத்து வேலைதான். போலீசுல சொல்றதுன்னா சொல்லுங்க சார்."

வெளியே மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. குணசேகரன் பையிலிருந்து புது லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு கவரை வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

சுகுணா பிரித்தாள். கம்பெனியின் வேலை உத்தரவு. மரியசெல்வம் பார்த்த அதே வேலை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'திருமதி ம. சுகுணா' என்றிருந்தது. மேலே போன வாரத்துத் தேதி.

மூன்று தடவை படித்தாள். தன் பெயரை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"இப்பத்தானே சார் ஒங்ககிட்ட சொன்னேன். போன வாரமே இதுல என் பேரு எப்பிடி?"

குணசேகரன் பழைய லேப்டாப்பின் வயரைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அடக்கத்தன்னைக்கு நானும் வந்திருந்தேம்மா."