நடுவில் ஒரு கம்பெனி

டிராக்டரை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆப் கம்பெனியில் யஷ்வந்துக்கு வேலை. கிணத்துக்கடவு பக்கம் நஞ்சுண்டனின் தென்னந்தோப்புக்கு வந்தவன், வேலிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்ததும் நெளிந்தான்.

"ஏனுங்க, நீங்க எப்பவும் புக் பண்ற டிராக்டர் பக்கத்துத் தோட்டத்துலயே நிக்குதுங்களே?"

"ஆமா கண்ணு."

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க. இங்கிருந்து ஒரு குரல் குடுத்தா அவரே வந்து உழுதுட்டுப் போவாருங்க. எங்களுக்கு எதுக்குங்க கமிஷன்? நாங்க ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போடறதில்லைங்க."

"இருந்துட்டுப் போகுது, உடு."

"அவரைப் பழக்கமில்லீங்களா?"

நஞ்சுண்டன் சிரித்தார்.

"என்ற கூடப்பொறந்த தம்பி. சொத்துப் பிரிச்சப்ப சண்டையாகிப் பேச்சு நின்னுபோச்சு. நானாக் கூப்புட மாட்டேன், அவனா வரமாட்டான். உங்க ஆப்புல கூப்புட்டா மட்டும் மறுபேச்சில்லாம வந்து ஓட்டிப்போட்டுப் போறான். அந்தக் கமிஷனைக் குடுத்தா என்ன கண்ணு?"

அடுத்து யஷ்வந்த் பார்க்க வேண்டியிருந்தது அந்தத் தம்பியைத்தான். ஆப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் அவர் வர மறுக்கிறார், காரணம் கேட்டு வா என்று கம்பெனி அனுப்பியிருந்தது.

வேலியைத் தாண்டாமலேயே அவன் பைக்கைக் கோவைக்குத் திருப்பினான்.