மூன்றாவது தூண்

"சிட்டு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா. இப்பத்தான் என் கண்ணால பார்த்தேன்" என்றாள் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க்.

அம்மா போனைப் பைக்குள் போட்டாள். பஸ் நின்றது. கரண்ட் இல்லையென்று அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையின் முதலாளி பத்தரைக்கே ஷட்டரை இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போகிற வழிதானே, மகளை ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள்.

கேட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

மூன்றாம் வகுப்பின் கதவு சாத்தியிருந்தது. வெளியே வராந்தாவில், மூன்றாவது தூண் பக்கத்தில், சிட்டு தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி போன வாரமே சொன்னாள், "உன் பொண்ணைத் தினமும் வெளியில நிக்க வைக்கிறாங்களாமே" என்று. அம்மா நம்பவில்லை. மணிக்கொரு தரம் போன் போட்டு விசாரிக்கிறாளே, அப்படியென்றால் கிளார்க் சொல்லியிருக்க மாட்டாளா?

இப்போது கண்ணெதிரே நிற்கிறாள்.

அம்மா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள். "ஏன்டி, என்ன தப்பு பண்ணே?"

சிட்டு திடுக்கிட்டாள். "அம்மா! நீ கடையிலதானே இருக்கே? இப்பத்தானே..." மீதியை விழுங்கிவிட்டாள்.

சத்தம் கேட்டு, கையில் சாக்பீஸோடு டீச்சர் கதவைத் திறந்தார். "வாங்கம்மா. நானே உங்களைக் கூப்பிட்டுப் பேசணும்னு இருந்தேன்."

"என்னத்தைப் பேசப்போறீங்க? வெள்ளம் வந்தப்போ ஒன்றரை நாள் இந்தப் பள்ளிக்கூட மாடியில கிடந்த பிள்ளை டீச்சர் இது! நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். போன் போட்டுப் போட்டு விரல் தேஞ்சதுதான் மிச்சம். இருக்காளா இல்லையான்னு சொல்ல ஒரு நாதியில்லை. அப்படித் திரும்பி வந்தவளை வெளியில நிக்க வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா..."

"முகாமுக்கு வந்த மனநல டாக்டரம்மா எங்களை, பிள்ளைங்களை, எல்லாரையும் உட்கார வச்சுப் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பயந்தவங்களைத் திட்டாதீங்க, கேலி பண்ணாதீங்க, நூறு தடவை கேட்டாலும் சலிச்சுக்காம முகத்தைக் காட்டுங்கன்னு. படிச்ச உங்களுக்கு இது தெரியாதா?"

ஆபீஸிலிருந்து கிளார்க் ஓடிவந்தாள். அம்மாவின் கோபம் அவள் பக்கம் திரும்பியது.

"வாம்மா, நல்லா இருக்காளா என் பொண்ணு? இந்தக் கோலத்தைப் பார்த்துட்டுத்தான் கண்ணால பார்த்தேன்னு சொன்னியா?"

"பார்த்துட்டுத்தான் சொன்னேங்க்கா" என்று கிளார்க் முனகினாள். "பார்க்காம சொன்னா உங்களுக்குக் குரல்லயே தெரிஞ்சுடுது. ஸ்கூல் திறந்த புதுசுல ஒரு நாள் அப்படிச் சொல்லப்போய், அடுத்த பத்தாவது நிமிஷம் ஆட்டோல வந்து இறங்கிட்டீங்களே!"

டீச்சர் குரலைத் தணித்தார். "அவளை நான் நிக்க வைக்கலைம்மா. உள்ளே உட்காருன்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். ஒவ்வொரு மணிக்கும் பென்சிலைப் போட்டுட்டு எழுந்து வந்துடறா. பாதிக் கணக்கு அப்படியே கிடக்கும். மத்த பிள்ளைங்க எல்லாம் மெல்ல மெல்லத் தேறிட்டாங்க. மழை பெஞ்சாக்கூட இப்போ பாட்டுப் பாடறாங்க. இவ மட்டும் பின்தங்கிக்கிட்டே போறா. காரணம் எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நீங்களே கேளுங்க."

அம்மா மண்டியிட்டு, மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"தண்ணி மறுபடியும் வந்துடும்னு பயமா இருக்காடா கண்ணு? அதைத்தான் வெளியில வந்து வந்து பார்க்கிறியா?"

சிட்டு இல்லையென்று தலையாட்டினாள். டீச்சரைப் பார்த்தாள். கிளார்க்கைப் பார்த்தாள். இனி ஒளிக்க இடமில்லை.

"ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தா எங்க கிளாஸ் தெரியாதும்மா. இந்தத் தூண் மட்டும்தான் தெரியும். நீ போன் பண்ற நேரத்துக்கு நான் இங்கே வந்து நின்னாத்தான் கிளார்க் அக்கா பார்த்துட்டுச் சொல்ல முடியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வராந்தாவின் அந்தக் கோடியில் ஆபீஸ் ஜன்னல். உள்ளே மேஜைமேல் போன்.

தினமும் அவள் போன் போடுகிற மணிகள்: பத்து. பதினொன்று. பன்னிரண்டு. இரண்டு. மூன்று.

"எனக்குப் பயமெல்லாம் போயிடுச்சும்மா. உனக்குத்தான் இன்னும் போகலை" என்றாள் சிட்டு.

அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது.

அதைப் பார்த்துப் பதறிப்போன சிட்டு, அவசர அவசரமாக அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதேம்மா, நான் ஒண்ணும் சலிச்சுக்கலை. நூறு தடவை கேட்டாலும் முகத்தைக் காட்டணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? நீ இன்னும் எண்பத்திரெண்டு தடவைதான் கேட்டிருக்கே."