சிங்கம் ஒட்டிய சட்டை

மழலையர் பள்ளியின் கூடத்தில் விலங்கு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. தத்தம் தந்தைக்குப் பொருத்தமான விலங்கின் படத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, அவர் சட்டையில் ஒட்ட வேண்டும்.

குடும்பத் தலைவர் என்னும் பட்டத்தைப் பிறப்புரிமையாகவே பெற்றுவிட்ட ஒருவரின் மார்பில், அவருடைய மகள் சிங்கத்தை ஒட்டினாள். முடிசூட்டு விழா கண்டவர்போல் நிமிர்ந்தார் அவர். பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டையில் கழுதை இருந்தது.

"பாவம் சார் நீங்க! கழுதையாமே?"

"தினமும் பையனை முதுகுல தூக்கிட்டு மாடி ஏறுறேன்ல சார், அதான். உங்க வீட்டம்மா வரலையா?"

"வேலைக்குப் போயிருக்கா. இதுக்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்? பாத்துக்குங்க, வீட்டுக்கு யார் ராஜான்னு குழந்தைக்கே தெரியுது!"

பிறகு மகளை நோக்கி முழங்கினார்: "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லும்மா கண்ணு, அப்பா ஏன் சிங்கம்?"

மகள் உரக்கவே சொன்னாள்: "ஆண் சிங்கம் பகல் பூரா படுத்துத் தூங்கும். பெண் சிங்கம்தான் வேட்டைக்குப் போகும். அது கொண்டு வந்ததும் ஆண் சிங்கம் முதல்ல சாப்பிடும். லேட்டானா உறுமும்!"

கூடமே சிரித்தது. அப்பா ஆசிரியையின் மேல் பாய்ந்தார்.

"எங்க வீட்டு விஷயத்தையெல்லாம் எதுக்கு மிஸ் பாடமா நடத்துறீங்க?"

"நாங்க சிங்கத்தைப் பத்தி மட்டும்தான் சார் நடத்தினோம்."