பேச்சுப் பயிற்சி

"பையனுக்குப் பல் முளைச்சிடுச்சான்னு கேளு," என்று சின்னம்மா சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

மேசை மேல் என் போன். ஸ்பீக்கர் போட்டிருந்தது. மறுமுனையில், நான் 'போன் அக்கா' என்று பெயர் வைத்திருந்த பெண்.

விடிந்தால் அரபு மொழியில் வாய்மொழித் தேர்வு. போன தடவை, பெயர் என்ன என்று கேட்டதற்கே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சின்னம்மா எனக்கு உறவு இல்லை. அரபு மொழி படிக்க வந்த ஊரில் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தவர். வயதில் மூத்த பெண்களை அங்கே, சின்னம்மா என்று பொருள்படும் அரபுச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டேன், ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து நின்றபடியே ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு நாலு மணிக்கு வருவார். வந்ததும் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, இரண்டு காலையும் அதில் வைத்து உட்கார்ந்துவிடுவார்.

போன் யோசனை அவருடையதுதான்.

"முகத்தைப் பார்த்தாத்தானே உனக்கு உதறுது? போன்ல பேசிப் பழகு. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, நல்லா வாயடிப்பா," என்றார்.

எதையும் பார்க்காமல், கடகடவென்று ஓர் எண்ணைச் சொன்னார்.

"நான் சொல்லித்தான் கூப்பிடறேன்னு மட்டும் சொல்லாதே. தெரிஞ்சவங்கன்னா தப்பைத் திருத்த மாட்டா."

முதல் நாள், புத்தகத்தில் இருந்தது இருந்தபடியே ஆரம்பித்தேன். நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களோடு சிறிது நேரம் அளவளாவ விழைகிறேன்."

மறுமுனை விழுந்து விழுந்து சிரித்தது.

"யாரும்மா நீ? நியூஸ் வாசிக்கிறவளா?"

பாட வரிசைப்படி அடுத்து என் பெயர், படிப்பு, முகவரி. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பின்தெரு, மாடிப்படி விளக்கு எரியாத கட்டடம், மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு.

மறுமுனையில் சிரிப்பு சட்டென்று நின்றது.

ஏதோ பெரிய இலக்கணப் பிழை போலிருக்கிறது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நாளைக்கும் கூப்பிடு," என்றாள்.

இன்றோடு முப்பத்தொரு நாள். என் அரபியிலிருந்து 'விழைகிறேன்' எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, 'வேணும்' வந்திருந்தது.

கேள்விகளில் பாதி புத்தகத்தில் உள்ளவை. மீதி, பக்கத்தில் உட்கார்ந்து சின்னம்மா எடுத்துக்கொடுத்தவை. முதுகுவலி தேவலையா? புது வீட்டில் வெயில் படுகிறதா? கணவர் நேரத்துக்கு வீடு திரும்புகிறாரா? 'உடல்நலம்' பாடத்துக்கும் 'இல்லம்' பாடத்துக்கும் நல்ல பயிற்சி என்று நானும் மாங்கு மாங்கென்று கேட்டேன்.

'குடும்பம்' பாடம் வந்த அன்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"மூணு பேர். நான், அவர், அப்புறம் எட்டு மாசத்துல ஒரு வாலு," என்றாள்.

சின்னம்மா ஈரக் காலோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

இன்று, பல்.

"கீழே ரெண்டு முளைச்சிருக்கு," என்றாள் போன் அக்கா. "விரலை வெச்சா போதும், கடிச்சிடறான்."

சின்னம்மா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடைபெறும் வாக்கியங்களுக்கு வந்தேன். நாளைக்குத் தேர்வு. இத்தனை நாள் பொறுமையாகப் பேசியதற்கு நன்றி. இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன். மூன்றையும் ஒரு பிழை இல்லாமல், ஒரு திக்கல் இல்லாமல் சொல்லி முடித்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

அவள் வாழ்த்துவாள் என்று காத்திருந்தேன்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

இத்தனை நாளும் பதில் சொன்னவள். முதல் நாளுக்கு அப்புறம் அவளாகக் கேட்பது இதுதான்.

"கேளுங்க அக்கா."

"உன் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களே, அவங்க சாப்பிட்டாங்களா?"

"யாரு?"

"எங்கம்மா."

பேசின் கவிழ்ந்து தரையெல்லாம் வெந்நீர் ஓடியது. சின்னம்மா எழுந்து நின்றிருந்தார்.

"நீ அட்ரஸ் சொன்ன அன்னிக்கே தெரியும்," என்றாள் அவள். "நாங்க பேசி நாலு வருஷமாச்சு. முதல்ல அவங்க பேசட்டும்னு நானும், நான் பேசட்டும்னு அவங்களும்."

சின்னம்மா வந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டேன்," என்றார்.

அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். திட்டுகிறார்களா, அழுகிறார்களா, ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்களா, தெரியவில்லை. ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கவே இல்லை.

துணியைப் போட்டுத் தரையைத் துடைத்தேன். கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

அந்த வேகத்துக்கு என் அரபி எட்டவில்லை. ஒரு சொல்கூடப் பிடிபடாமல், ரொம்ப நேரம் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.